படர்தாமரை சார்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மெடிக்கலில் இன்று சாயங்காலம் சுகர் மாத்திரை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வந்த ஓர் இளைஞன் கவுண்டருக்கு வராமல், சுவரில் ஒட்டியிருந்த சத்துமாவு விளம்பரத்தை ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தான். குழந்தைக்கு டானிக் வாங்க வந்த பெண்கள் போனதும்தான் கிட்டே வந்து, குனிந்து, "அண்ணே, அந்த டியூபு" என்றான். எந்த டியூப் என்று கடைக்காரர் கேட்கவே இல்லை. பேப்பரில் சுற்றி நீட்டினார்.

நீ இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பாய். இதே கடையில், இதே ஓரத்தில் நின்று விளம்பரம் படித்தவன்தானே நானும்.

நாம் இருவரும் ஒரே சமயத்தில் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். தாவரவியல் துறையில் ஆண் வாத்தியார்கள் நாம் இரண்டே பேர். நுண்பூஞ்சைப் பாடத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பயிரைத் தின்பவை எனக்கு, மனிதனைத் தின்பவை உனக்கு. நான் சோளக் கதிரின் கரிப்பூட்டை நோயை வரைந்து காட்டிக்கொண்டிருந்த காலத்தில் உன் பாடம் என் தொடையில் குடிவந்துவிட்டது.

நீதான் கண்டுபிடித்தாய். "மாப்ள, போர்டுல எழுதுறப்ப நெளியிற. எத்தன நாளாய்யா?" என்றாய். வேர்க்குரு என்றேன். நீ விடவில்லை. பிள்ளைகள் போன பிறகு லேப் கதவைச் சாத்திவிட்டு, மழுங்கிய கத்தியால் அந்த வளையத்தின் ஓரத்தைச் சுரண்டினாய். நடுவில் தோல் தேறியது மாதிரி இருந்தது. "நடுவுல தின்னு முடிச்சுட்டு ஓரத்துக்குப் போயிருக்கு. பந்தி அங்கதான் நடக்குது" என்றாய். அந்தப் பொடியைக் காரத் திரவத்தில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினாய். கிளை பிரிந்து, குறுக்குச் சுவர் வைத்து, கண்ணாடி இழைகளாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கூசிப்போய்க் கண்ணை எடுத்துவிட்டேன்.

உனக்கோ ஆனந்தம். இதில் மூன்று வகை உண்டு என்று எனக்கே வகுப்பு எடுத்தாய். மண்ணில் விழுந்த முடியையும் இறகையும் தின்று பிழைப்பது ஒன்று. ஆடு மாடு, நாய் பூனையிடம் பழகியது ஒன்று. மனிதனை விட்டால் வேறு கதி இல்லாதது ஒன்று. "மாட்டுலேர்ந்து வர்றது தடிக்க வச்சு, சீழ் புடிக்க வச்சு, தானே மாட்டிக்கும். நம்மகிட்டப் பழகுனது அடக்கமா இருந்து வருசக்கணக்குல சாப்பிடும். நல்ல ஒட்டுண்ணி சத்தம் போடாது மாப்ள." நான் தடவிய டியூபைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாய். சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிட்டு, பூஞ்சையைச் சுகமாகப் படரவிடும் மருந்து கலந்த டியூப் அது. "சோறு போட்டு வளத்திருக்கியேய்யா!" என்று திட்டி, அந்த வாரமே என்னைத் திருச்சியில் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய்.

அதோடு விட்டிருக்கலாம். சுரண்டியதில் மிச்சத்தை லேப் கண்ணாடித் தட்டில் வளர்த்தாய். வெள்ளைப் பஞ்சாக அழகாக வந்தது. தட்டு என்றால் சீட்டு ஒட்ட வேண்டும், சீட்டு என்றால் மூலம் எழுத வேண்டும். உன் ஒழுங்கு அப்படி. என் பேரை மறைத்துவிட்டதாக நினைத்து, "மூலம்: ஆசிரியர், இடது தொடை" என்று எழுதினாய். ஆண் ஆசிரியர் இரண்டே பேர் இருக்கும் துறையில்!

செய்முறை வகுப்பில் ஒரு பெண் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எந்த ஆசிரியர் சார்?" என்று கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கு உயிர் போயிற்று. எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது, பெண்ணுக்கு ஊர் மீன்சுருட்டி. பெண்ணின் சித்தப்பா மகள் அதே வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ ஒரு நொடி என் முதுகைப் பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன். "நான்தாம்ப்பா. படர்தாமரைன்னு எவ்வளவு அழகாப் பேர் வச்சிருக்காங்க, இதுல என்ன வெக்கம்?" என்றாய். அன்றிலிருந்து நீ படர்தாமரை சார். என் கல்யாணப் பந்தியில் உனக்கு இருபக்கமும் நாற்காலி காலியாகக் கிடந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். மாலை கழுத்தில் கனக்க, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இறங்கி வந்து உன் பக்கத்தில் உட்கார எனக்குத் துப்பில்லை. நீயோ பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்துவிட்டு, எனக்குக் கை காட்டினாய்.

போன வருடம் மாரடைப்பில் நீ போனபோது, பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் உன் போட்டோவுக்குக் கீழே அந்தப் பேரைத்தான் போட்டு அழுதார்கள். அன்பாகத்தான் போட்டார்கள். திருமழபாடியில் உன் வீட்டுக்குப் போனபோது உன் மனைவி அதைப் படித்துவிட்டு என்னிடம், "இவருக்கு எப்பங்க இது வந்துச்சு? எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று கேட்டார்கள். வாய் வரை வந்ததை முழுங்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன்.

இன்று அந்தப் பையன் பின்னாலேயே ஸ்டாண்டுக்குப் போனேன். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கீழே நின்று, "தம்பி, அந்த டியூப் போடாதீங்க. அது படரவிட்டுடும். தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. தைரியம் சொல்ல நினைத்தேன். அப்போது என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "என் கூட்டாளி ஒருத்தருக்கு இருந்துச்சு தம்பி."

சீ! நீ செத்த பிறகும் உன் தலையிலேயே கட்டினேன்.

அவன் கொஞ்சம் தெளிந்து, "அவருக்குச் சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டான். அக்கறையாகத்தான் கேட்டான்.

"அவருக்கு வந்ததே இல்ல தம்பி. எனக்குத்தான்."

பஸ் ஸ்டார்ட் ஆனதில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன சார்?" என்று காதை நீட்டினான்.

"எனக்குத்தான்! தொடையில!" என்று கத்தினேன்.

பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் சிரித்தார். காதெல்லாம் சுட்டது எனக்கு. அந்தப் பையனும் சிரித்துவிட்டு, "எனக்கும் அங்கதான் சார்" என்றான், பஸ் நகர்ந்தது.

நாளைக் காலை திருமழபாடிக்குப் போய் உன் மனைவியிடம் சொல்லப்போகிறேன். இடது தொடையில் அந்த வளையத்தின் கறுப்புத் தடம் இன்னும் லேசாக இருக்கிறது. அது என்னுடையது மாப்ள.