ஒருசந்தி நாளில் பூண்டு வாசம்

நமுனுகுல

அன்பு மகள் நிஷாலினிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீ சுகம் என்று எழுதினாலும் இந்தத் தடவை நம்பமாட்டேன், ஏனென்று சொல்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. தம்பி கெவின் வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி மூட்டை ஏற்றப் போய் நனைந்து சளியோடு வந்திருக்கிறான், சொன்னால் எங்கே கேட்கிறான்.

ஜெசிந்தினி நேற்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தங்கச்சியை ஏசாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பெரிய வெள்ளியன்று, லீவில் வந்திருந்த நீ கோயிலில் சிலுவையை உதடு வைத்து முத்திசெய்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய், வாயில் பூண்டு வாசம். நோன்பிருக்கிற ஒருசந்தி நாளில் களவாகத் தின்றுவிட்டாய் என்று வீடு வரும்வரை ஏசினேன், நீயும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாய். ஆனால் அது நீ ஜெர்மனியில் புதுமருந்துக்காகக் கார்பனோடு சேர்க்கிற டெல்லூரியம் என்கிற சரக்கின் வாசம் என்கிறாள். நீ லீவில் வருவதற்கு முன் ஆய்வுகூடத்தில் போத்தல் உடைந்து ஆவி உள்ளே போய்விட்டதாம், உடம்பில் இருக்கிறவரை மூச்சில் பூண்டு மாதிரி வருமாம். “அக்கா அங்க யாருக்கும் சொல்லலம்மா, சொன்னா அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்” என்றாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி காலில் பட்டாலும், பாதியில் போனால் பதிவில் அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம்தான் என்று துணியைச் சுற்றிக்கொண்டு மலையில் நிற்கிற புத்தி நம்முடையது. இந்தத் தோட்டத்து லயத்தைவிட்டு அவ்வளவு தூரம் போயும் அதை மட்டும் மறக்காமல் கொண்டுபோயிருக்கிறாய். அந்தச் சரக்கு புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்கிறதா என்று பார்க்கிறோம் என்று நீ சொன்னபோது கோயிலில் எல்லாரிடமும் பெருமை பேசினேன். இப்போது அதே சரக்கு என் பிள்ளையை என்ன செய்யும் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் தாங்கமாட்டார். தானாகப் போய்விடும் என்று நீ சொல்வாய், இருக்கட்டும், அதை ஒரு டாக்டர் சொல்லட்டும். உன் பேராசிரியரிடம் நீயே வாய் திறந்து சொல்லு, வேலை போனால் போகட்டும். வீடியோவில் நன்றாகத்தான் சிரிக்கிறாய், மூச்சு எப்படி இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும். நீ படுத்த தலையணை உறையில் அந்த வாசம் இன்னும் இருக்கிறது. துவைக்கவும் மனம் வரவில்லை, முகரவும் பயமாக இருக்கிறது.

திருஇருதய ஆண்டவர் உன்னை ஒரு குறையுமில்லாமல் காப்பாராக. முகத்துக்கு மாஸ்க் போடாமல் அந்த அறைக்குள் போகாதே. டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு போன் எடுத்துப் பேசு. அதற்கு முன் எடுக்காதே என்று எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை, எடு.

உன் அம்மா,
இருதயம்மா