தடையின்றி ஓடும் படம்

1. நான், அறுபது வயதைக் கடந்தவன், தொழிலால் வழக்கறிஞர், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் தேசம்மா என்பவரின் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவன், உன் கணவன், உனக்கு எழுதும் வாக்குமூலம் இது.

2. நேற்று மாலை முன்னறையில் உட்கார்ந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரைச்சீலைக்கு அப்பால், கூடத்தில், டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லின் பாதியில் அதன் குரல் நின்றது. பேனாவை மூடவும் தோன்றாமல் எழுந்து ஓடினேன்.

3. கூடத்தின் நடுவில் தேசம்மா, கையில் மீன்குழம்புச் சட்டியோடு நின்றிருந்தார். "இன்னா வக்கீலு, வூடு பத்திகினாப்புல ஓடியார?" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உன் கட்டிலைப் பார்த்தார். சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு, சுவரோரமாகவே நடந்து வெளியே போனார். டிவி பேசத் தொடங்கியது.

இதற்கு மேல் எண் இட்டு எழுதினால் உன்னிடம் பேசுவது போல இராது. விட்டுவிடுகிறேன்.

முதல் பக்கவாதத்திற்குப் பிறகு நீ வீடு திரும்பிய வாரம் உனக்கு நினைவிருக்கும். இடது கால் தரையை விட்டு எழாமல் இழுபட்டது. காலையும் மாலையும் கூடத்திலேயே நடக்க வேண்டும், நடந்தால்தான் கால் மிஞ்சும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உன் கட்டிலைக் குளியலறைக் கதவோரம் போட்டோம். அங்கிருந்து டிவியில் முகங்கள் தெரியவில்லை என்றாய். டிவியைக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் நகர்த்தினோம். ஆனால் கேபிள் மாடியிலிருந்து இறங்குவது எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக; செட்டாப் பாக்ஸ் அந்த ஜன்னலடியிலேதான் இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே, நீ நடக்க வேண்டிய தரையின் குறுக்கே, ஒரு கறுப்பு வயர் கிடந்தது. அதைக் காட்டி நீ கேட்டாய்: "நான் இதுல மாட்டி வுய்ந்தா இன்னா பண்ணுவ? வயரு மேல கேஸு போடுவியா?"

வயரைச் சுவரோடு ஏற்றி, கதவுகளுக்கு மேலாகக் கொண்டுபோயிருக்கலாம். அதற்கு ஆணி அடிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது என்கிறது. அந்தப் பிரிவைத் தேசம்மா கேட்கவில்லை. ஒப்பந்தத்தை எழுதித் தரச் சொன்னபோது, முறைப்படி இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். விஷயம் தெரிந்ததும் அவர் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். "நீயே எய்தி நீயே மாட்டிகினியா? அட்ச்சிக்கோபா. நான் இன்னா ஐகோர்ட்டுக்கா போவப் போறேன்?" வாய்மொழி அனுமதி எழுத்து ஒப்பந்தத்தை மாற்றாது, ஒரு துணை ஒப்பந்தம் தட்டச்சு செய்து வருகிறேன் என்று நான் சொன்னதும், நீ கட்டிலில் இருந்தபடியே கத்தினாய்: "தேசம்மா, இந்தாளுகூட நான் இத்தினி வருசமா குடும்பம் நட்த்திகினு கீறேன், பாத்துக்கோ!"

ஒட்டும் நாடாவால் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். நம் பக்கத்து உப்புக் காற்றுக்கு எந்தப் பசை நின்றிருக்கிறது? இரண்டாம் நாளே நாடா வாழைத்தோல் போல உரிந்து தொங்கியது. அதன் பிறகுதான் கேபிள்காரர் இஸ்மாயில், வயரில்லாமல் படம் அனுப்பும் அந்த ஜோடிப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்று ஜன்னலடியில், ஒன்று டிவிக்குக் கீழே. கூடத்தில் வயர் என்று ஒன்று கண்ணில் படவில்லை. படம் வந்தது. "ஒண்ணு அனுப்பும், ஒண்ணு வாங்கும். ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துகினே இருக்கணும் சார். நடுவுல யார்னா பூந்தா படமும் போச்சி, சவுண்டும் போச்சி. அது ஒண்ணுதான் பேஜாரு" என்றார்.

அந்தப் பேஜாரே நமக்குப் பயன்பட்டது. நீ கட்டிலிலிருந்து அடுப்படிக் கதவு வரை நடந்து திரும்புவாய். போகும்போது ஒருமுறை குரல் அறும். வரும்போது ஒருமுறை அறும். முன்னறையில் கட்சிக்காரர் எதிரில் அமர்ந்திருக்கும்போதும் என் காது அங்கேதான் இருக்கும். "வந்து வந்து எட்டிப் பாக்காத, எனக்குக் கால் பின்னுது. டிவி நின்னா நான் நடக்குறேன்னு வெச்சிக்கோ" என்று உத்தரவிட்டிருந்தாய். மாலைச் செய்தியில் நான் கேட்க விரும்பும் விவாதம் வரும்போது வேண்டுமென்றே நடுவில் போய் நின்றுகொள்வாய். "இன்னா சவுண்டே வரல?" என்று நான் குரல் கொடுத்தால், "அமைச்சரு மூச்சு வாங்கிகினு கீறாரு" என்பாய்.

மழைக்காலம் தொடங்கியபின் குரல் அறுவது குறைந்தது. காலையில் மட்டும் என்று ஆயிற்று. பிறகு சில நாட்கள் தொடர் முழுவதும் ஓடியது, ஒரு சொல்கூடத் தவறாமல். மற்ற வீடுகளில் அது நல்ல படம். நம் வீட்டில் அதைக் கேட்கக் கேட்க நான் எழுதிய வரியையே திரும்ப எழுதினேன். மருத்துவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: நடை நின்றால் படுக்கை, படுக்கை என்றால் அதிக நாளில்லை. ஏன் நடக்கவில்லை என்று நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். மறுநாள் மாலையிலிருந்து குரல் மீண்டும் அறுபடத் தொடங்கியது. ஒருமுறை, சற்று இடைவெளி, மறுபடி ஒருமுறை. பழைய ஒழுங்கு. நான் கைவேலையை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன்.

உன் உத்தரவை மீறி ஒரு மாலை திரைச்சீலையை விரலகலம் விலக்கினேன். நீ நடக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தாய். வலது கையில் நீ சாப்பிடும் எவர்சில்வர் தட்டு. அதை டிவிக்குக் கீழே இருந்த பெட்டியின் முன் நீட்டிப் பிடித்தாய். குரல் நின்றது. தட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாய். உதடு அசைந்தது, அடுப்படி வரை போய்த் திரும்பும் நேரத்தை எண்ணினாய் என்று நினைக்கிறேன். மீண்டும் தட்டை உயர்த்தினாய். முகத்தில் வேர்வை.

நான் திரைச்சீலையை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தேன். வழக்கம்போல் குரல் கொடுத்தேன்: "இன்னைக்கு எத்தனை சுற்று?"

"எவன் எண்ணுனான்? நெறைய" என்றாய்.

"சரி" என்றேன்.

அதன் பிறகு நீ தட்டைத் தூக்கிய ஒவ்வொரு மாலையும் நான் கேட்டேன், நீ சொன்னாய். பிறகு தட்டும் எழவில்லை. இரண்டாவது பக்கவாதம் தாக்கி உன்னை வண்டியில் ஏற்றியபோது டிவியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடக்கத்துக்காக உன்னை வீட்டுக்குக் கொண்டுவரும்வரை அது தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் இஸ்மாயில் வந்தார். "இனிமே வயரே இய்த்துடலாம் சார், அதான் அம்மா..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தேசம்மாவும் "அட்ச்சிக்கோ, நான் எய்தியே தரேன்" என்றார். ஏழாவது பிரிவு இடம் தரவில்லை என்று இருவரிடமும் சொன்னேன். இஸ்மாயில் நம்பினார்.

தட்டு என் மேசைமேல், பத்திரங்களுக்கு மேல் இருக்கிறது. மாலையில் டிவியைப் போட்டுவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். படம் நன்றாகத்தான் வருகிறது.

என் தொழிலில் ஒரு நெறி உண்டு. சாட்சி சொன்னதை எதிர்த்தரப்பு கேள்வி கேட்டு மறுக்காமல் விட்டால், அது ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். நீ சொன்னதை மறுத்து நான் உன்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆகவே அந்த மாலைகளில் எல்லாம் நீ நடந்தாய். நெறைய சுற்று நடந்தாய். இது என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.

ஒப்பம்:
உன் வக்கீலு

சாட்சிகள் (என் கையொப்பத்துக்கு மட்டும், உள்ளே உள்ளதை அவர்கள் படிக்கவில்லை):
1. தேசம்மா, வீட்டு உரிமையாளர்
2. இஸ்மாயில், கேபிள் இணைப்பாளர்