கோரைக்குக் கண் இருந்தது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று குடைந்து கேட்டு அதைச் சரிபார்க்கப் போவதில்லை. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, ஆறு வாரம் ஆகிவிட்டது. அப்பாதான், "எழுதிப் போடு, எழுதும்போது குறுக்கே கேள்வி கேட்க முடியாது பாரு" என்றார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் நீ அவரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நம் கண்ணாடிக் கடையில் நான் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் போன் வந்தால், மூக்குக்கண்ணாடி ஒன்றைத் துடைப்பதுபோல எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். ஒரு கண்ணாடியைத் துடைக்க எதற்கு இருபது நிமிஷம்? போகட்டும், பேசினால் நல்லதுதான். அக்காவுக்கு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறது, அவளே கேட்டு வாங்கியதாகச் சொல்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் வாஷர் மாற்றிவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார், பழைய வாஷரைக் காட்டு என்றால் காணோம் என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாகப் பேசியபோது நீ, வேலையை நானாகத்தான் விட்டேன்மா என்று சொன்னாய். அதோடு நான் விட்டிருக்கலாம். ஏன் விட்டாய் என்றேன், என்றைக்கு என்றேன், கடிதம் கொடுத்தாயா, யார் கையில் கொடுத்தாய், அவர் முகம் எப்படி இருந்தது, அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். போன தடவை ஆபீஸில் இருக்கிறேன் என்றாயே, பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டதே, அது எந்த ஆபீஸ் என்றேன். முக்கால் மணி நேரம். கடைசியில் நீ, "சரிம்மா, துரத்திட்டாங்க. போதுமா?" என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு அந்த நேரத்தில் வருத்தம்கூட வரவில்லை, அப்பாடா, உண்மை வெளியே வந்துவிட்டது என்றுதான் இருந்தது. உன்னை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று அப்பாவிடமும் அக்காவிடமும் நானே சொன்னேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நடுவில் ஒரு பறவையும் பல் டாக்டரும் வருவார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

எங்கள் பறவை பார்க்கும் குழுவை உனக்கு நினைவிருக்கும். இப்போது ஏழு பேர் இருக்கிறோம். நீ போன பிறகு நடைப் பட்டியல் என்று ஒன்று வைத்துக்கொண்டோம். வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்த்த பறவை மட்டும்தான் அதில் சேரும், காரில் போய்ப் பார்த்ததும் ஊர் மாறிப் பார்த்ததும் சேராது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் எண். எனக்கு நூற்று நாற்பத்தொன்பது, பல் டாக்டருக்கு நூற்று நாற்பத்தெட்டு. பழைய பறவைகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, புதிதாக ஒன்று எங்கே கிடைக்கும் என்று சாக்கடை ஓரமெல்லாம் அலைகிற கட்டம் இது. பதிவேடு எப்போதும்போல என்னிடம்தான். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தொரு வருஷம் இருந்தவளை விட்டால் அதற்கு வேறு யார்? ஆதாரம் போதாத பதிவுக்கு நேரே சந்தேகம் என்பதற்கு 'ச' என்று போடுவேன். அதனால் எனக்கு முதுகுக்குப் பின்னால் 'சானா அம்மா' என்று பெயர், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் பல் டாக்டர் குழுவில் செய்தி போட்டார்: மஞ்சள் குருகு, ஒன்று, ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் குட்டை, காலை ஆறு ஐம்பது. நம் வட்டாரத்தில் இதுவரை யாருமே பார்க்காத பறவை. அதைச் சேர்த்தால் எனக்குச் சமமாக வந்துவிடுவார். கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர், போட்டோ மட்டும் இல்லை. என்னிடமே காது குத்துகிறாரா என்று அந்த நிமிஷமே ஒரு 'ச' போட்டேன்.

போட்டதோடு நிற்க முடியவில்லை, உனக்குத்தான் என்னைத் தெரியுமே. மறுநாள் நடந்து போய் ஐஸ் ஃபேக்டரி வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். அன்றைக்கு டாக்டர் வந்தாரா, எப்படி வந்தார், எத்தனை நேரம் இருந்தார் என்று மெதுவாக வாயைப் பிடுங்கினேன். வந்தார், ஆனால் காரிலிருந்து இறங்கவே இல்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றார் வாட்ச்மேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கார்! அடுத்த கூட்டத்தில் அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று முடிவு செய்துவிட்டேன். கார் ஒன்று போதும்தான், இருந்தாலும் அங்கே குருகே கிடையாது என்பதையும் சேர்த்து நிரூபித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. தினமும் காலையில் இருபத்தைந்து நிமிஷம் நடந்து போய்க் குட்டைக் கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு நாள், ஒரு குருகும் இல்லை. இரண்டு தாழைக்கோழி, ஒரு மீன்கொத்தி, யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பு, அவ்வளவுதான். "இல்லாததைப் பார்க்க இவ்வளவு தூரம் தினமும் நடக்கிறவ நீ ஒருத்திதான்" என்று அப்பா சிரித்தார்.

ஐந்தாம் நாள் காற்று அடித்தது. எதிர்க்கரையில் இருந்த கோரை முழுக்க ஆடியது. காற்று நின்றது, கோரையும் நின்றது. ஒரே ஒரு தட்டை மட்டும் இன்னும் ஒரு தடவை ஆடிவிட்டு நின்றது. என்னடா இது என்று பைனாகுலரைத் திருப்பினேன். கழுத்தை மேலே நீட்டி, அலகை வானத்தைப் பார்த்து நிறுத்தி, மார்பில் கோரை நிறத்திலேயே கோடு கோடாக, குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அலகுக்கு அடியில் இரண்டு மஞ்சள் கண். அதுவரை அது என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மறுபடி காற்று வந்தபோது கோரையோடு சேர்ந்து அதுவும் ஆடியது. எனக்கு நூற்றைம்பதாவது பறவை கண்ணா. நூற்றைம்பது வந்தால் எல்லோருக்கும் கேக் வாங்கித் தருவதாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் பைனாகுலரை மடியில் வைத்துவிட்டேன். ஏனென்றால் உன் குரல்தான் எனக்குக் கேட்டது: "அம்மா, அந்தக் கோரைக்குக் கண்ணு இருக்கு."

அதே குட்டை, அப்போது அங்கே ஐஸ் ஃபேக்டரி வரவில்லை. உனக்கு எட்டு வயது. கோடு போட்ட நோட்டில் உன் பட்டியலை நீயே எழுதி வைத்திருந்தாய், முப்பது பறவை. முப்பத்தொன்று என்று எண் போட்டுக்கொண்டு ஓடி வந்தாய். எத்தனை பெரிது என்றேன், இவ்வளவு என்று கையைக் காட்டினாய். எந்தப் பக்கம் பறந்தது என்றேன். பறக்கலை, நின்னுச்சு, கோரை ஆடினப்ப அதுவும் ஆடுச்சு என்றாய். பறவை எங்கேயாவது ஆடுமா என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், பல் டாக்டரும்தான் இருந்தார். அதோடு விட்டேனா? முப்பதோடு நிற்கப் பிடிக்காமல் கதை கட்டுகிறாய் என்றேன். என் கண்ணைப் பார்த்துச் சொல் என்றேன். கால் நிறம் என்ன, வால் எப்படி, இப்போது ஏன் இல்லை என்று, டிக்கெட் இல்லாமல் கழிவறையில் ஒளிந்தவனைக் கேட்பதுபோலக் கேட்டேன். கடைசியில் நீ உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் பொய் சொல்லிட்டேன்மா" என்றாய். உன் நோட்டை வாங்கி அந்த வரியை அடித்தேன். பதிவேட்டிலும் அந்தத் தேதிக்கு நேரே 'ச' போட்டிருக்கிறேன், நேற்று எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்துத்தான். அடுத்த ஞாயிறு வயிற்று வலி என்று வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறு பரீட்சை என்றாய், பிறகு வரவே இல்லை. அந்த வயிற்று வலியையும் நான் நம்பவில்லை என்பது வேறு. ஆனால் நீ பொய்யை ஒத்துக்கொண்டதில் எனக்கு அன்றைக்குப் பெருமை. என் பையன் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று வேலை செய்த இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பொய் சொல்லிட்டேன் என்றாயே, நீ அன்றைக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் நான்தான் உன்னைச் சொல்ல வைத்தேன். குட்டைக் கரையில் உட்கார்ந்து இதை நினைத்தபோது, அடுத்ததாக உன் போன் பேச்சு வந்து நின்றது. "சரிம்மா, துரத்திட்டாங்க. போதுமா?" என்பதும் அதே மாதிரிதானே வந்தது? முக்கால் மணி நேரம் குடைந்தால் யாரும் எதையும் ஒத்துக்கொள்வார்கள். ரயிலிலும் அப்படித்தான் இருந்திருக்கும். டிக்கெட்டைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என் கேள்வி தாங்காமல், எடுக்கவே இல்லை என்று தலையாட்டியிருப்பார்களோ தெரியவில்லை. மனசு ரொம்பச் சங்கடப்படுகிறது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், அவனைத் துரத்தவில்லை, அவனாகத்தான் விட்டான் என்றேன். அவர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "அவன் முதல்ல சொன்னதையே நான் நம்பிட்டேன், என் வேலை அதோட முடிஞ்சுது" என்றார். இந்த மனுஷரோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்கிறேன், இந்த வித்தையை எனக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. அக்காவுக்கும் போன் போட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். அவள், மாற்றல் நானேதான் கேட்டு வாங்கினேன்மா, அதையும் இப்பவே நம்பிடு என்றாள்.

போன சனிக்கிழமை பல் டாக்டர் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் கூட்டம் நடந்தது. பதிவேட்டை எடுத்து, நம் வட்டாரத்தில் மஞ்சள் குருகை முதலில் பார்த்தவர் என்ற இடத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியை எழுதி, என் மகன், வயது எட்டு என்று எழுதினேன். டாக்டருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஆதாரம் என்ன என்றார். பார்த்தவன் சொன்னான் என்றேன். "அவன்தான் பொய்னு ஒத்துக்கிட்டானே, நானும் கூடத்தானே இருந்தேன்" என்றார். அது நான் சொல்ல வைத்தது என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன், அன்றைக்கு உன்னைக் கேட்டதும் எல்லோர் முன்னாலும்தானே. டாக்டர் தன் பேனாவையே நீட்டி, பழைய 'ச'வை நன்றாக அடிச்சிடுங்க என்றார். அவர் பார்த்ததையும் பார்த்ததாக எழுதிக்கொண்டேன். காரில் போனதால் நடைப் பட்டியலில் மட்டும் சேர்க்கவில்லை. முழங்கால் வலி என்றார், அந்த வலி பிஸ்கட் வாங்கக் கடைக்கு நடக்கும்போது எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொன்னது உண்மை. அன்றைக்கும் உண்மை, ஆறு வாரத்துக்கு முன்னாலும் உண்மை. எட்டு வயதுப் பிள்ளையை அழவைத்ததற்கும், முப்பது வயதில் மறுபடி அதையே செய்ததற்கும் அம்மாவை மன்னித்துக்கொள். இதை எழுதிவிட்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன், எங்கேயாவது கேள்வி ஒளிந்திருக்கிறதா என்று. இரண்டு இருந்தன, அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

எந்த வேலைக்குப் போனாலும், போகாமலே கொஞ்ச நாள் இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய். உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொள். அப்பா உனக்குப் புதுக் கண்ணாடி செய்து வைத்திருக்கிறார், பவர் மாறியிருந்தால் அவரிடமே சொல்லிவிடு, நான் கேட்கவில்லை. வரும் ஞாயிறு காலை நான் குட்டைக்குப் போகப் போவதில்லை, போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். வேலையைப் பற்றிச் சொல்லத் தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் அங்கே உன் ஜன்னலுக்கு வருகிற குருவியைப் பற்றிச் சொல். அது என்ன குருவி, வால் எப்படி என்று கேட்க மாட்டேன். அப்பாவிடம் 'ம்' கொட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதலில் இழுத்து இழுத்து வந்தது, அதிலேயே ஒரு விசாரணை இருக்கிறது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது சுருக்கமாக வருகிறது. நீ பேசு கண்ணா, நான் 'ம்' கொட்டுகிறேன்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா