டப்பாவில் இருந்த சர்க்கரை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கவலைப்பட ஒன்றுமில்லை, வெட்கப்படத்தான் ஒன்று நடந்தது.

பனிக்கட்டியைப் போலவே சர்க்கரையும் உருகினால் இயற்பியல் மாற்றம்தான், ஆறினால் பழையபடி ஆகிவிடும் என்று விடுதியில் வாதாடினேன். "கருகிடும்டி, வேணாம்" என்றாள் அறைத்தோழி. கேட்காமல், அவளுடைய டப்பாவில் இருந்த சர்க்கரை முழுவதையும் வாணலியில் கொட்டிக் காய்ச்சினேன். புகைந்து, கறுத்து, கசந்துவிட்டது. அது வேதியியல் மாற்றமாம். இனித் திரும்பாது.

அவள் திட்டவில்லை. சர்க்கரையில்லாத தேநீரைக் குடித்தபடி, "அவ்வளவு பேசின வாய் எங்கடி போச்சு, விஞ்ஞானி?" என்றாள். நான் குனிந்து வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அரைக்கிலோ சர்க்கரையும், வாணலி தேய்க்க நாரும் வேண்டும். அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டு வாருங்கள். என் முகம் வாடியிருப்பது இயற்பியல் மாற்றம்தான், அம்மா. உங்களைப் பார்த்தால் பழையபடி ஆகிவிடும்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்