அசையாம நில்லுங்க

நேற்று மாலை உங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். இன்று துவைக்க எடுத்த துப்பட்டாவின் ஓரம் விறைத்துக் கிடந்தது. முகர்ந்தால் மைதாப் பசை. உங்கள் தெருவின் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் கிழிந்திருந்த ஒரு முனைக்குத் தாள் ஒட்டியபோது பட்டிருக்க வேண்டும். அந்தப் புளித்த வாசம் வந்ததும் வாளியை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் அந்த நட்சத்திரத்தைக் கட்டவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீடு திரும்பாத வருடம் அது. உன் அம்மா உன் கேமராவை என் கையில் கொடுத்து, "அவளுக்கு இதுல என்ன தெரியும், நீதான எடுப்ப. கொண்டு போ தாயி" என்றார். கொண்டுவந்து இரும்புப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். வெளியே எடுக்கவில்லை. துக்கம் மட்டும் காரணமில்லை. நீ இல்லாமல் என்னால் படம் எடுக்க முடியாது என்று நினைத்தேன்.

துபாயிலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்த கேமரா அது. "இந்த ஓட்டைக்குள்ள பாத்தா எனக்குத் தலை சுத்துதுட்டி, நீயே பாரு" என்று கல்லூரி முதல் வருடத்திலேயே என்னிடம் தள்ளிவிட்டாய். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் சத்தமாகப் பதில் சொல்லக்கூட வராது. பக்கத்தில் இருந்து நீதான், "வந்திருக்கா மிஸ்" என்பாய். ஆனால் அந்த ஓட்டைக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பின்னால் இருக்கும்வரை என்னை யாரும் பார்க்கவில்லை என்று ஒரு தைரியம்.

நாம் முதலில் கெடுத்த படம் உங்கள் வீட்டு டைகருடையதுதான். அந்தக் கரிய நாயை, உழுது போட்ட கரிசலில், உச்சிவெயிலில் உட்காரவைத்து எடுத்தோம். கோவில்பட்டியில் கழுவி வாங்கிவந்த படத்தை உன் அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாய எங்கட்டி? நாக்கு மட்டும்லா கிடக்கு!"

நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருப்பு மேல் கருப்பை எப்படி எடுப்பது என்று அந்த வாரம் முழுக்க அதே யோசனை. அடுத்த ஞாயிறு வெயில் சாய்ந்த பிறகு, சோளம் அறுத்த வெளிறிய தட்டைகளுக்கு முன்னால் அவனைக் கொண்டுபோனோம். நான் வயிறு தரையில் பட, அவன் கண் மட்டத்துக்குப் படுத்தேன். பக்கத்திலிருந்து விழுந்த வெளிச்சத்தில் முதுகு மயிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. நீ என் தலைக்கு மேல் கடம்பூர் போளித் துண்டை நீட்டி, "ஏலே டைகரு, இங்கன பாருலே ராசா" என்றாய். அவன் ஓடிவந்து லென்ஸை நக்கினான். துடைத்துவிட்டு மறுபடி உட்காரவைத்தோம். இந்த முறை காதை விறைத்துக்கொண்டு பார்த்தான். அந்தப் படத்தில் அவன் கருப்பாகவே இருந்தான், முழு நாயாகவும் இருந்தான். உன் அப்பா அதை அந்தோணியார் படத்துக்குக் கீழே மாட்டினார்.

கிறிஸ்துமஸ் படமும் முதல் தடவை வீண்தான். மாதா கோயில் முற்றத்தில் தெருவே நின்றது. ஃபிளாஷ் அடித்து எடுத்தோம். முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. பின்னால் நட்சத்திரமும் இல்லை, சீரியல் பல்புகளும் இல்லை, ஒரே இருட்டு. அடுத்த வருடம் ஃபிளாஷை விட்டோம். விளக்கு போட்டிருக்க வேண்டும், வானத்தில் நீலமும் மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் சரியான நேரம் என்று கண்டுகொண்டோம். முற்றத்துச் சுவரில் மணல் சாக்கை வைத்து, அதில் கேமராவை அமுக்கி, உள்ளே போதுமான வெளிச்சம் விழும்வரை பொத்தானை அழுத்தியபடி நான் நாலு எண்ணுவேன். அந்த நாலு எண்ணும்வரை தெரு அசையக் கூடாது.

அது உன் பாடு. "மாமா, மூச்சு விடாதிய. சித்தி, கொசு கடிச்சாலும் பொறுத்துக்கோங்க. அசையாம நில்லுங்க!" நிற்பார்கள். கல்யாணமாகித் தூத்துக்குடி போன பிறகும் இதற்காகவே டிசம்பரில் வந்தாய்.

இந்த வருடம் டவுனிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்று தெருவில் பேச்சு வந்ததாம். உன் அம்மா சம்மதிக்கவில்லை. நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன் செய்து, "நம்ம பிள்ள இருக்கால்லா, அவ எடுப்பான்னு சொல்லிட்டேன்" என்றார். யோசிக்கும் முன்னாலேயே, "வாரேம்மா" என்றுவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்: அசையாம நில்லுங்க, அசையாம நில்லுங்க.

முற்றத்தில் எல்லோரும் கூடியபோது வானம் சரியாக இருந்தது. ஆளுக்கொரு பேச்சு. நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. முன்வரிசையில் நின்ற ஓர் அண்ணாச்சி, "ஒரு ஃபிளாஷ அடிச்சிட்டு விடும்மா, நேரமாவுதுல்லா" என்றார். ஃபிளாஷ் அடித்தால் நட்சத்திரம் போய்விடும். மேற்கே நீலம் வடிந்துகொண்டிருந்தது. உன் அம்மா என்னையே பார்த்தார்.

கேமராவைச் சாக்கிலேயே விட்டுவிட்டு அதற்கு முன்னால் வந்தேன். கல் படியில் ஏறி நின்றேன். "ஃபிளாஷ் கிடையாது. நான் நாலு எண்ணுதவரைக்கும் எல்லாரும் அசையாம நில்லுங்க." குரல் நடுங்கியது. நின்றார்கள். கேமராவுக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன். மூன்று எண்ணும்போது அந்த அண்ணாச்சியின் சட்டைப்பையில் செல்போன் அலறியது. அவர் குனிந்தார்.

உடனே வரிசை கலைய ஆரம்பித்தது. போதும் என்று நானும் விட்டிருப்பேன். அதுதான் என் சுபாவம், உனக்குத் தெரியும். ஆனால் பின்னால் இவ்வளவு விளக்கும் எரிய, நடுவில் ஒரு மனிதர் புகை மாதிரி இழுபட்டு நிற்கும் படத்தை உன் அம்மாவிடம் எப்படிக் கொடுப்பேன்?

"யாரும் போவாதீங்க. அண்ணாச்சி அசைஞ்சிட்டீங்க. இன்னொருக்கா எடுக்கணும்."

"யாரு, நானா?"

"நீங்கதான். போன அணைச்சிட்டு நில்லுங்க."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. "ஊமைப்பிள்ளைன்னுல்லா நெனச்சோம்! வந்து நில்லும்வே, கோவப்படுதா" என்று ஒரு பெரியம்மா அவரை இழுத்து நிறுத்தினார். நான் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். இந்த முறை சத்தமாகவே எண்ணினேன். ஒருவர்கூட இருமவில்லை. நாலு சொல்லிக் கையை எடுத்த பிறகும் யாரும் கலையவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு நாள் அந்த வேலை உன்னுடையது என்று ஒதுங்கியிருந்தேன். நீ சொன்னால் அதில் விளையாட்டு இருக்கும். என்னுடையதில் பயம்தான் இருக்கிறது. பரவாயில்லை. அந்தப் பயத்தோடேயே இனி நானே சொல்கிறேன்.

ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை படம் எப்படி என்று தெரியாது. கெட்டிருந்தால் புத்தாண்டுக்கு முன் மறுபடி போய் எல்லோரையும் நிற்கவைப்பேன். நட்சத்திரத்தை அதுவரை இறக்க வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.