மாடிக்கும் கீழுக்கும் வக்கீல் பீஸ்

12-6-2006, திங்கள்
எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. செங்கல் சூளையில் ஷிப்டு மாற்றிக்கொண்டு கோர்ட்டுப் பக்கம் போனேன். மனைவி கமலாவுக்கு இடுப்பு எலும்பில் பிளேட் வைத்து நாலு மாதம். படி இறங்க முடியாமல் மாடியிலேயே கிடக்கிறாள். கீழ் போர்ஷன் வேண்டும். அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் செல்வம் காலி செய்கிற வழியைக் காணோம்.

முதல் வக்கீல்: இருபத்தைந்தாயிரம், பாதி முன்பணம். வெளியே வந்து டீ. சர்க்கரை போட்டும் கசப்பு.

13-6, செவ்வாய்
இன்று வேறு வக்கீல், ஒரு அம்மா. பிரித்துச் சொன்னார். நோட்டீஸ் 750. கேஸ் என்றால் 6000, மூன்று தவணை. வாய்தாவுக்கு வாய்தா குமாஸ்தாவுக்கு 50. ஸ்டாம்பு, டைப்பு தனி.

"எத்தன வருஷம் ஆகும்ங்க?"

"ரெண்டும் ஆகலாம், நாலும் ஆகலாம். அதையும் செலவுல சேத்துக்குங்க."

வாடகை பாக்கி உண்டா என்றார். மூன்று மாதம் என்றேன், பெருமையாக. செல்வம் கொடுத்தான், காலி பண்ணு என்று நான்தான் வாங்கவில்லை. மணியார்டர் அனுப்பினான், அதையும் திருப்பி விட்டேன்.

"வாங்காம வுட்டது நீங்க. அதுக்குப் பேரு பாக்கியாங்க?"

என்னைப் போல் ரோஷக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்களாம்.

எதற்குக் காலி செய்யச் சொன்னீர்கள் என்று கேட்டார். என் வீடு, காரணம் எதற்கு என்று அவனிடம் சொன்னதே இல்லை. கமலாவின் இடுப்பைச் சொன்னதும் பேனாவை எடுத்தார். நோட்டீஸில் அதுதான் முதல் வரி. மனசு கொஞ்சம் லேசு.

மாத்திரை, கேஸ் சிலிண்டர், ரேஷன். மூன்றும் வாங்க மறந்தேன்.

18-6, ஞாயிறு
நல்ல காற்று. செல்வமும் அவன் மனைவி தேவியும் நோட்டீஸோடு மாடிக்கு வந்தார்கள். சண்டைதான் என்று சட்டையை மாட்டினேன். செல்வம்தான் ஆரம்பித்தான்:

"வாடகைய ஏத்தத்தான் வெரட்டறீங்கன்னு நெனச்சோம்ண்ணே. அக்காவுக்காகன்னு இதப் படிச்சிதான் தெரியும்."

தேவி சொன்னாள்: "பொண்ணு பத்தாவது படிக்கிது. இப்ப எங்கண்ணே வூடு பாக்கறது? நாங்க மாடிக்கு வந்துடறோம், நீங்க கீழ வந்துடுங்க."

இவ்வளவு சுலபமானது ஏன் தோன்றவில்லை? வாடகைக்காரன் நம் தலைக்கு மேல் இருப்பதா என்ற எண்ணம்தான். வெட்கமாக இருந்தது. கமலாவைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தாள். சரி என்றேன்.

19-6, திங்கள்
வக்கீலம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "ஆறாயிரம் போச்சேன்னு எனக்குத்தான் வருத்தம்." புதிதாகப் பதினோரு மாத அக்ரிமென்ட் எழுத 300. நின்றுபோன வாடகையைச் செல்வம் கொடுத்தார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

25-6, ஞாயிறு
சாமான்கள் இடம் மாறின. கமலாவை நாற்காலியில் உட்கார வைத்து நானும் செல்வமும் இறக்கினோம். பதினேழு படி. முதுகு போய்விட்டது. கமலா கேட்டாள்:

"வக்கீலுக்கு மொத்தம் எவ்ளோ ஆச்சி?"

ஆயிரத்து ஐம்பது என்றேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா மாடியிலேருந்தே ஒரு கொரலு குடுத்து அவங்களக் கேட்டிருப்பேன்."

வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவளே வாசல் வரைக்கும் போனாள்.