எசமானின் நாலு நாள் ஏழ்மை

டிசம்பர் 5

எழுதத் தெரிந்தவர்கள் தினமும் சாயங்காலம் தங்களைத் தாங்களே விசாரித்து எழுதவேண்டும் என்பது எசமான் வெரானியஸின் உத்தரவு. இந்த வீட்டு அடிமைகளில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் சாப்பிடும்போது ஞானிகளின் சுருள்களை வாசிப்பவள்.

"இன்னைக்கு என்ன தப்புப் பண்ணினேன்னு உன்னையே கேளு தல்லூசா. சந்தோஷமா வாழ அதுதான் வழி" என்றார்.

கேட்டேன். கோபப்பட்டேன். நேற்றும் அதே தப்புதான்.

டிசம்பர் 8

அவருடைய ஏழ்மைப் பயிற்சி மறுபடி வருகிறது. மாதத்தில் நாலு நாள் ஏழையாக வாழ்ந்து பார்ப்பார். நாளைக்குச் செல்வம் போனாலும் மனம் கலங்கக்கூடாதாம். கலங்க வேண்டாம், நல்லதுதான். ஆனால் ஏழையாக வாழ ஓர் ஏழை அறை வேண்டுமே? எங்கள் அறைதான் கிடைத்தது!

வாயிற்காவல் பார்க்கும் மோஸ்கஸுக்கும் எனக்கும் இந்த மாளிகையில் உள்ள ஒரே பொந்து அது. மோஸ்கஸ் என் புருஷன். சட்டம் அப்படிச் சொல்லாது, நான் சொல்வேன். சமையலறை அடுப்புக்கு முதுகு கொடுத்த சுவர், எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த நாலு நாளும் நாங்கள் படிக்கட்டுக்கு அடியில் கிடப்போம். போன மாதம் அப்படிக் கிடந்ததில் அவனுக்கு இருமல் பிடித்தது. இன்னும் விடவில்லை.

டிசம்பர் 9

இருமலில் ரத்தம். துணியை எனக்குத் தெரியாமல் அலசுகிறான், கழுதை.

டிசம்பர் 12

எசமானிடம் கேட்டேவிட்டேன். "அவருக்கு நெஞ்சு சரியில்ல எசமான். இந்த மாசம் மட்டும் அறைய விட்டுடுங்க."

"நோய் கெட்டதில்லம்மா. அதக் கெட்டதுன்னு நினைக்கிறோம் பாரு, அதுதான் கெட்டது" என்றார், அன்பாகவே. அந்த அன்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாக்கியத்தை அவருக்கு வாசித்துக் காட்டிய வாய் என்னுடையதுதானே! சீ!

இந்த முறை சாட்டர்ன் சாமி திருவிழாவோடு சேர்த்துப் பயிற்சியாம். ஊரே கூத்தடிக்கும்போது காய்ந்த ரொட்டி தின்பதுதான் மனவுறுதியாம். அடிமை, விடுதலையானவர்களின் தொப்பியைத் தலையில் வைத்து வாய் திறக்க வருஷத்தில் இருப்பதே அந்தச் சில நாட்கள். அதிலும் மண்.

டிசம்பர் 16

மழை. நேற்று ராத்திரி பயிற்சி தொடங்கியது. படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர். என் போர்வையையும் அவன்மேல் போட்டேன், நடுக்கம் நிற்கவில்லை.

காலையில் எசமான் எங்கள் அறையிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்தார். "ஏழ்மை எவ்வளவு லேசா இருக்கு பாத்தியா? அருமையான தூக்கம்." அடுப்புச் சுவரில் சாய்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது!

டிசம்பர் 17

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

விழாவுக்கு ராஜா யார் என்று பகடை உருட்டினோம். எனக்கு விழுந்தது. விழா முடியும்வரை ராஜா சொன்னால் எசமானும் கேட்டாகவேண்டும். "யக்கா, என்னைய ஆடச் சொல்லு!" என்று குதித்தான் சமையற்காரன் பாம்பிலஸ். ஆட்டம் பார்க்கிற மனநிலையிலா இருந்தேன்?

எசமானின் நண்பர் அட்டியஸ், இவருடைய ஏழ்மையைப் பார்த்து மெய்சிலிர்க்கவென்றே வந்து உட்கார்ந்திருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"எசமானுக்கு என் கட்டளை. நீங்க இடம் தப்பி வந்துட்டீங்க. ஏழைங்க இப்ப அந்த அறையில இல்ல, படிக்கட்டுக்கு அடியில கிடக்காங்க. மிச்ச நாளு நீங்க அங்க படுங்க."

பாம்பிலஸ் கையிலிருந்த கரண்டி விழுந்தது. எசமானின் கழுத்து நரம்பு புடைத்தது. கோபப்பட்டால் அட்டியஸ் முன்னால் இத்தனை வருஷத் தத்துவமும் கப்பலேறிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அட்டியஸ் கைதட்டினார். "சபாஷ் வெரானியஸ்! இதவிடப் பெரிய பரீட்சை உனக்கு எங்க கிடைக்கும்?"

எசமான் சிரித்தார். பல் மட்டும் சிரித்தது.

டிசம்பர் 18

மோஸ்கஸ் எங்கள் அறையில் அடுப்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டு விடியும்வரை தூங்கினான். எனக்குத்தான் தூக்கமில்லை. விழா முடிந்தால் தொப்பி இறங்கிவிடும். விற்றுவிடுவாரோ? என்னை மட்டும் விற்றால்? ஐயோ, அப்போ இவன யாரு பாப்பாங்க?

டிசம்பர் 19

எசமானுக்குக் காய்ச்சல். ஏழ்மை பாதியில் முடிந்தது. அவருடைய படுக்கையறையில் இரண்டு கணப்பு, தேன் கலந்த திராட்சை மது, மருத்துவர். ஓயாத முனகல்.

வாயை அடக்கியிருக்கவேண்டும். அடக்கவில்லை. தொப்பி இன்னும் தலையில்தானே இருந்தது?

"நோய் கெட்டதில்ல எசமான்."

அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "மருத்துவர் கிளம்புறதுக்குள்ள மோஸ்கஸையும் பாக்கச் சொல்லு" என்றார்.

மருத்துவரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். போன மாதமே சொல்லியிருக்கக்கூடாதா இந்த மனுஷன்?

ஜனவரி 10

தோட்டத்தில் கொத்தனார்கள். எசமான் தனக்கென்று தனியாக ஓர் ஏழ்மை அறை கட்டுகிறார். எங்கள் அறை இனி எங்களுக்கே. என்னை விற்கும் பேச்சே இல்லை.

பிப்ரவரி 3

ஏழ்மை அறை முடிந்தது. பெருக்கிவைக்கும் வேலை எனக்கு. இரண்டு ஜன்னல், தனிக் கணப்பு. மோஸ்கஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம அறையப் போல ரெண்டு பங்கு இருக்கு புள்ள, அவரோட ஏழ்மை" என்றான். சிரித்ததில் இருமல் வந்தது. ரத்தம் வரவில்லை.

இன்று என்ன தப்புச் செய்தேன்? கோபப்பட்டேன். அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவன் பக்கத்தில் படுத்தபடியே கோபப்பட்டேன்.